பனிமலையும் பார்லித் தண்ணீரும்

அமெரிக்காவின் கொலராடோ ராஜ்யத்தில் பிரெக்கன்ரிட்ஜ் என்று ஒரு மலை ஊர் இருக்கிறது. அங்கே 1880-ஆம் வருஷத்தில் எழுப்பப்பட்ட சிறு மரக்கோயில் ஒன்று இன்றும் நிற்கிறது. எழுப்பியவர் ஜான் டையர் என்ற மெதடிஸ்ட் பாதிரியார். தங்கம் தோண்ட வந்த கூட்டத்துக்கு வேதம் சொல்ல மலையேறி வந்தவர். தங்கம் தோண்டுகிறவனுக்கு வேதம் கேட்க நேரம் ஏது? காணிக்கைத் தட்டும் நிறையவில்லை, பாதிரியாரின் வயிறும் நிறையவில்லை. ஆகவே 1864-ஆம் வருஷத்துக் குளிர்காலத்தில், ஐம்பதைத் தாண்டிய வயதில், தபால் மூட்டை சுமக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். 13,000 அடிக்கு மேல் உயரமான மாஸ்கிட்டோ கணவாயை, ஆளைவிட நீளமான இரண்டு மரப்பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, பனியின்மேல் சறுக்கியே கடந்தார். 'பனிச்செருப்புப் பாதிரியார்' என்று ஜனங்கள் அவருக்குப் பெயர் வைத்தார்கள்.

அவருடைய சபை மதுவைத் தொடாத சபை. அவர் சறுக்கிய மலைகளில் இன்று லட்சக்கணக்கானவர்கள் பொழுதுபோக்குக்காகச் சறுக்குகிறார்கள். பொழுது சாய்ந்ததும், பலகையைச் சுவரில் சாத்திவிட்டு அவர்களில் பெரும்பாலோர் நேரே போகும் இடம் பீர் காய்ச்சும் பட்டறை. பாதிரியாரின் ஊரிலேயே அப்படி ஒன்று 1990 முதல் இருக்கிறது. சரித்திரத்துக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் அங்கே போனது என் அக்கா மகனால். டென்வர் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் அவன், ஒரு பிப்ரவரி மாதத்தில் என்னை வரவழைத்து, தன் சிநேகிதர்களோடு ஒரு வார காலம் மலை ஊர்களைச் சுற்றிக் காட்டினான். நாற்பதைக் கடந்த தமிழ் நாவலாசிரியன் பனிச்சரிவில் பலகை கட்டிக்கொண்டு இறங்குவது பதிப்பாளர்களுக்கு வேண்டுமானால் லாபமாக முடியலாம். எனக்கு அதில் விருப்பம் இல்லை.

"மாமா, நீங்கள் சறுக்க வேண்டாம். பகலெல்லாம் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். சாயங்காலம் எங்களோடு வந்து ருசி பார்த்தால் போதும்" என்றான்.

"பார்க்கிறேன்டா. ஆனால் இதை அக்காவுக்கு எழுதிவிடாதே."

"அம்மாவுக்குத் தெரியும் மாமா. நீங்கள் கட்டுரையாக எழுதாமல் இருந்தால் சரி."

எனக்கு அதில் விரதமும் கிடையாது, வழக்கமும் கிடையாது. அதனால் கூடுமானவரை நடுநிலைமையோடு எழுத முடியும் என்று நினைக்கிறேன்.

ருசி பார்ப்பதற்கு அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நீளமான மரப்பலகை ஒன்றில் நாலு அல்லது ஆறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் நம் காப்பி டம்ளரைவிடச் சிறிய கண்ணாடிக் குவளை. வைக்கோல் நிறத்தில் ஆரம்பித்து, தேன் நிறம், செம்பு நிறம் என்று போய், கடைசிக் குவளை டிகாக்ஷன் போலக் கறுப்பாக இருக்கும். இந்தப் பலகைக்கு 'ஃப்ளைட்' என்று பெயர். எதிலும் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. முதல் குவளையில் ரொட்டி வாசனை, மூன்றாவதில் ஆரஞ்சுத் தோலின் கசப்பு, ஆறாவதில் வறுத்த கொட்டையின் கரிப்பு. ஒரே பானத்துக்குள் இத்தனை வேற்றுமையா என்று ஆச்சரியப்பட்டேன்.

அடிப்படையில் எல்லாம் பார்லித் தண்ணீர்தான். நம் வீடுகளில் ஜுரம் வந்தவனுக்குக் கொடுக்கும் அதே பார்லி. அதை நனைத்து முளைகட்டி, உலர்த்தி, வறுத்து, நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான கஞ்சித் தெளிவு கிடைக்கும். அதை ஹாப்ஸ் என்னும் கொடியின் கசப்புப் பூக்களோடு கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்தால் புளித்து நுரைத்துப் பீராகும். ஆப்ப மாவு பொங்கக் கள் சேர்த்த பாட்டிமார்களுக்கு இந்த ரசாயனம் புதிதல்ல.

மலைமேல் செய்வதில்தான் சங்கடம். பிரெக்கன்ரிட்ஜ் சுமார் 9,600 அடி உயரம். அங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொடைக்கானலில் துவரம்பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். ஹாப்ஸ் தன் கசப்பை இறக்க நல்ல கொதி வேண்டும். கொதி குறைந்தால் கசப்பும் குறையும். எனவே மலைப் பட்டறைக்காரர்கள் பூவை அதிகமாகப் போடவேண்டும், அல்லது அதிக நேரம் கொதிக்கவிடவேண்டும். சமவெளிச் சூத்திரத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவர முடியாது. இதைச் சமையலுக்கு மட்டும் சொன்ன வார்த்தையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

எந்த ஊர்ப் பலகையிலும் தவறாமல் இருந்த குவளைக்கு நம் தேசத்தின் பெயர். 'இந்தியா பேல் ஏல்' என்பதைச் சுருக்கி ஐ.பி.ஏ. என்கிறார்கள். கும்பினி காலத்தில் லண்டன் போ பகுதியிலிருந்த ஜார்ஜ் ஹாட்ஜ்ஸன் என்பவரின் சாலையிலிருந்து, இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்காக வெளிறிய பீர் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறியது. மற்ற பீரெல்லாம் வழியில் கெட்டுப்போனதால்தான் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையில் போர்ட்டர் என்ற கறுப்புப் பீரும் அதே கப்பல்களில் நன்றாகவே வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் மங்கிவிட்ட அந்தப் பெயரை, 1972-இல் அமெரிக்க விவசாய இலாகா வெளியிட்ட கேஸ்கேட் என்ற புதிய ஹாப்ஸ் ரகத்தின் வாசனையோடு அமெரிக்கர்கள் திரும்ப எழுப்பினார்கள். இந்தியா என்று எழுதிய குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இந்தியா எங்கே இருக்கிறது என்று தேடினேன். பெயரில் மட்டுமே இருந்தது.

இந்தப் பட்டறைகள் இவ்வளவு காலம் எங்கே போயிருந்தன என்று கேட்டால், கதை பழைய நாளுக்குப் போகிறது.

அடால்ஃப் கூர்ஸ் என்ற ஜெர்மானிய இளைஞன் 1868-இல் கப்பலில் ஒளிந்து அமெரிக்கா வந்தான். தாய் தந்தை இல்லாதவன், பீர் காய்ச்சும் தொழில் கற்றவன். 1873-இல் கொலராடோவின் கோல்டன் என்ற ஊரில், ஜேக்கப் ஷூலர் என்பவர் 18,000 டாலர் போட, தான் 2,000 டாலர் போட்டுத் தொழில் தொடங்கினான். ஜெர்மானியர் செய்வது லாகர் ரகம். குளிரில் மெல்லப் புளித்து, குளிரிலேயே வாரக்கணக்கில் தங்கித் தெளியவேண்டும். லாகர் என்றாலே சேமித்து வைப்பது என்று பொருள். பனிமலையின் ஓடைத் தண்ணீரும் குளிரும் அவனுக்கு மூலதனம். தாகத்தோடு மலையில் நின்ற சுரங்கத் தொழிலாளிகள் இன்னொரு மூலதனம். அந்த வருஷத்தில் அமெரிக்கா முழுவதும் 4,000-க்கு மேற்பட்ட பீர்ச்சாலைகள் இருந்தன. ஊருக்கு ஊர் தனி ருசி.

ஆனால் இந்தப் படத்துக்கு மறுபக்கம் உண்டு. பெரிய சாலைக்காரர்கள் ஊர் ஊராகச் சலூன்களை வைத்தார்கள், அல்லது வைப்பவனுக்குக் கடன் கொடுத்துத் தங்கள் பீரை மட்டும் விற்கச் செய்தார்கள். ஒரே தெருவில் பல சலூன்கள் போட்டியிட்டன. விற்றால்தான் கடன் அடையும். ஆகவே வந்தவனை எழுந்து போகவிடாமல் பார்த்துக்கொள்வதே தொழில். சுரங்கத்திலிருந்து சம்பளத்தோடு புறப்பட்டவன் வீடு வந்து சேரும்போது கையில் என்ன இருந்திருக்கும் என்று நான் எழுதவேண்டியதில்லை.

1893-ஆம் வருஷம் நவம்பர் 7-ஆம் தேதி கொலராடோவின் ஆண்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் ஸ்திரீகளுக்கு ஓட்டுரிமை கொடுத்தார்கள். ஆண் வாக்காளர்களே நேராக ஓட்டளித்து இதைச் செய்த முதல் அமெரிக்க ராஜ்யம் அதுதான். இருபத்தொரு வருஷம் கழித்து, 1914-இல், அந்த ராஜ்யத்தில் மதுவிலக்குக்கு ஓட்டெடுப்பு நடந்தது. இந்தத் தடவை ஓட்டுச் சாவடியில் பெண்களும் நின்றார்கள். மதுவிலக்கு ஜெயித்தது. 1916-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி, தேசத்துக்கே சட்டம் வருவதற்கு நான்கு வருஷம் முன்பாகவே, கொலராடோவில் சலூன்கள் மூடப்பட்டன.

கூர்ஸ் தன் கையிருப்புப் பீரைத் தன் சாலைக்குப் பக்கத்து ஓடையில் கொட்டவேண்டியதாயிற்று. பீர் காய்ச்சிய கொப்பரைகள் இருந்த இடத்தில் மால்ட் கலந்த பால்மாவும், பீங்கான் சாமான்களும் செய்து குடும்பம் காலந்தள்ளியது. 1929-இல், தேசீய மதுவிலக்கு முடிய நான்கு வருஷம் இருக்கும்போது, வர்ஜீனியாவில் ஒரு ஹோட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து அந்தக் கிழவர் இறந்தார். ஒரு நாவலில் இப்படி முடித்தால் பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

1933-இல் மதுவிலக்கு நீங்கியது. சலூன் காலம் திரும்பிவரக் கூடாது என்பதற்காக, காய்ச்சுகிறவன் வேறு, மொத்த வியாபாரி வேறு, கடைக்காரன் வேறு என்று சட்டத்தில் சுவர் எழுப்பினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தச் சுவரைத் தாண்டிச் சரக்கை அனுப்பும் சக்தி பெரியவனுக்குத்தான் இருந்தது. தன் கொப்பரைப் பீரைத் தன் திண்ணையிலேயே விற்றுப் பிழைக்க வேண்டிய சின்னவனுக்கு வழியில்லை. போதாததற்கு, வீட்டில் திராட்சை ரசம் செய்ய அனுமதித்த சட்டம், வீட்டில் பீர் செய்ய அனுமதிக்கவில்லை. ஒன்றை ஒன்று விழுங்கி, 1970-களின் முடிவில் தேசம் முழுவதும் எஞ்சியவை நூற்றுக்கும் குறைவு. எல்லாவற்றுக்கும் ஒரே நிறம், ஒரே லேசான ருசி. பெண்கள் மூடச் சொன்னது சலூனை. மூடிப்போனது தொழிலாளியின் கைப்பக்குவமும் சேர்ந்து.

திருப்பம் இரண்டு சிறு சட்டங்களால் வந்தது. 1976-இல் சிறு சாலைகள் செய்யும் முதல் 60,000 பீப்பாய்க்கு வரி 9 டாலரிலிருந்து 7 டாலராகக் குறைந்தது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டில் பீர் காய்ச்சுவதன் மேலிருந்த வரியையும் குற்றத்தையும் நீக்கியது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு 200 காலன் வரை செய்துகொள்ளலாம். கொலராடோவின் போல்டர் நகரத்தில், அணுசக்திப் பொறியியல் படித்துவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த சார்லி பப்பாஸியன் என்பவர், சட்டம் வருமுன்பே வீட்டில் பீர் காய்ச்ச வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். 1979-இல் அதே நகரத்துச் சர்வகலாசாலையின் பௌதிகத்துறையைச் சேர்ந்த இருவர், ஓர் ஆட்டுக் கொட்டகையில் கொப்பரை வைத்து ராஜ்யத்தின் முதல் புதுயுகப் பட்டறையைத் தொடங்கினார்கள். எண்ணெய்க் கம்பெனியில் வேலை போன ஜான் ஹிக்கன்லூப்பர் என்ற பூகர்ப்ப சாஸ்திரி 1988-இல் டென்வரின் பழைய கிடங்கொன்றில் பட்டறையும் சாப்பாட்டுக் கடையும் வைத்தார். பிறகு அவர் நகர மேயராகி, ராஜ்யத்தின் கவர்னராகி, 2021-இல் செனட்டுக்கும் போனார். கள்ளுக்கடை வைத்தவர் மந்திரியாவதற்குச் சமானம்!

இவர்கள் பெரும்பாலும் ஏல் ரகத்தையே எடுத்துக்கொண்டார்கள். அது மிதமான சூட்டில் சீக்கிரம் புளித்து, சில வாரங்களில் விற்பனைக்கு வந்துவிடும். கையில் பணம் இல்லாதவனுக்கு நாள்தானே பெரிய வட்டி.

மலை ஊர்களுக்கு இந்தக் கொப்பரை ஏறியதற்குக் காரணம் பனி. ஆனால் பனி மட்டும் காரணமல்ல. 1893-இல் சர்க்கார் வெள்ளி வாங்குவதை நிறுத்தியதும் வெள்ளி விலை விழுந்து, லெட்வில் முதலிய சுரங்க ஊர்கள் சாய்ந்தன. கோடீசுவரராக இருந்த ஹோரஸ் டேபர் எல்லாவற்றையும் இழந்தார். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்த அந்தப் பிரதேசத்தில் 1942-இல் கேம்ப் ஹேல் என்ற ராணுவ முகாம் எழுந்தது. பத்தாவது மலைப்படை என்ற பிரிவினர் அங்கே பனிச்சறுக்கும் பாறையேற்றமும் பழகினார்கள். 1945 பிப்ரவரியில் இத்தாலியில் ரிவா என்ற மலைமுகட்டை இரவோடு இரவாக ஏறிப் பிடித்தார்கள். நம் இந்தியச் சிப்பாய்களும் அதே இத்தாலியில் போரிட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அந்தப் படையில் படுகாயமடைந்த பீட் ஸைபர்ட் என்ற வாலிபர் பிழைத்து, மறுபடி நடந்து, மறுபடி சறுக்கி, 1962 டிசம்பரில் வேல் என்ற பனிச்சறுக்கு ஊரையே உண்டாக்கினார். அங்கே ஒரு சரிவுக்கு ரிவா ரிட்ஜ் என்று பெயர். வர்ணக் குல்லாய்களோடு குழந்தைகள் சிரித்துக்கொண்டு அதில் இறங்குகிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குமோ!

இப்படி வெள்ளி போன ஊரில் பனி வந்து சோறு போட்டது. பனி பார்க்க வந்தவனுக்குச் சாயங்காலம் உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த ஊர்த் தண்ணீரில், அந்த ஊர் ஆள் காய்ச்சி, அந்த ஊரிலேயே ஊற்றிக் கொடுத்த பானம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

ஒரு பட்டறையில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பெண் ஒருத்தி, சாறு இறங்கிய பார்லிச் சக்கையைக் கொப்பரையிலிருந்து மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தாள். இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மாட்டுப் பண்ணைக்காரர் வந்து எடுத்துப் போவார்" என்றாள். நம் ஊரில் செக்கடியில் புண்ணாக்கு வாங்க நிற்பார்களே, அந்த நினைவு வந்தது. மூன்றாவது குவளை ஏன் இவ்வளவு கசக்கிறது என்று கேட்டேன். போன மாதம் புது ஹாப்ஸ் வந்ததாகவும், கை கொஞ்சம் தாராளமாகிவிட்டதாகவும் சொல்லி, "அடுத்த கொப்பரையில் குறைத்துவிடுவேன்" என்றாள்.

அந்த இடத்தில் எனக்கு வேறொருத்தி ஞாபகம் வந்தாள். என் சிறு வயதில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடுவாள். கட்டட வேலைக்குப் போன புருஷன் கடைக்குத் திரும்பும் முன்னால் அவன் சட்டைப்பையை எட்டிப் பிடிக்கவேண்டும். சில வாரம் பிடிப்பாள். பிடிக்காத வாரங்களில், என் அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு படி அரிசியை முறத்தில் கொட்டி வைப்பாள். பட்டறைகளின் ருசியை வர்ணிக்கும் எந்த எழுத்தாளனும் அந்தத் தெருமுனையைத் தாண்டித்தான் வரவேண்டும். கொலராடோவில் 1914-இல் ஓட்டுப் போட்ட பெண்கள் அந்த அம்மாளுக்கு உடன்பிறந்தவர்கள்தான். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்த நாகம்மையாரும் கண்ணம்மாளும் அப்படியே.

நம் ராஜ்யத்திலும் அந்தக் குரலைக் கேட்டுத்தான் 1937-இல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்ந்தது. பிறகு மூடுவதும் திறப்பதுமாகப் போய், 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கதவு சாத்தப்பட்டது. ஆலையில் செய்த சீமைச் சரக்கு மட்டும் நின்றது. 2003-இல் அதைச் சில்லறையில் விற்கும் வேலையைச் சர்க்காரே எடுத்துக்கொண்டது. மரம் ஏறியவன் இறங்கிவிட்டான். குடித்தவன் குடிப்பதை நிறுத்தினானா என்பதுதான் கேள்வி.

அமெரிக்கப் பட்டறைகளைச் சொர்க்கமாக வர்ணிக்க எனக்கு ஆசையில்லை. அங்கும் குடித்துக் கெடுகிற குடும்பங்கள் உண்டு, பனிச்சாலையில் நிதானமிழந்து வண்டி ஓட்டுகிறவர்களும் உண்டு. எங்களுக்கு வண்டி ஓட்டியவன் மாலை முழுவதும் எலுமிச்சை சோடாவோடு உட்கார்ந்திருந்தான். அது ஒரு கட்டுப்பாடு. தொழிலும் பழைய பாதையிலேயே போகிறது. பிரெக்கன்ரிட்ஜ் பட்டறையை 2016-இல் உலகத்தின் மிகப் பெரிய பீர்க் கம்பெனி வாங்கியது. 2023-இல் வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டது. ஆட்டுக் கொட்டகையில் பிறந்த போல்டர் பட்டறை 2020-இல் தன் கடையை மூடியது. தேசம் முழுவதும் 9,000-க்கு மேல் பெருகிய பிறகு, 2024-இல் திறந்த பட்டறைகளைவிட மூடியவை அதிகம். சின்னது பெரிதாவதும், பெரியது சின்னதை விழுங்குவதும் 1873-லிருந்து நடக்கிற கதை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் என் மனத்தில் தங்கிவிட்டது. செய்கிறவள் யார் என்று அங்கே தெரிகிறது. அவளுடைய பெண்ணும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கும், அவள் வீடும் அதே தெருவில்தான் இருக்கும். கசப்பு ஏறிவிட்டது என்று நான் சொன்னதற்கு அவள் பதில் சொன்னாள். ஒருவன் அளவுக்கு மீறினால், இனி இல்லை என்று சொல்லவும் அவள் வாய் இருக்கிறது. கம்பிவலைக்குள்ளே கையை நீட்டிப் பாட்டில் வாங்கிக்கொண்டு போகிறவனுக்கு, அதைச் செய்தது யார் என்று தெரியாது. விற்றவனுக்கும் அவனைத் தெரியாது. குடிக்கிறவன் கேட்காவிட்டால் போகட்டும். தெருமுனையில் ஈரக் கையோடு நின்ற அந்த அம்மாள் கேட்க நினைத்தால், யாரிடம் போய்க் கேட்பாள்?